வலிப்பு நோயின் கணினி மாதிரிகள்: உவமை நோக்கில் ஓர் ஆய்வு

அறியாததொன்றை அறிந்ததொன்றனோடு ஒப்பிட்டு உணர்த்துதல் புலவர்க்கு மட்டும் உரிய நெறியன்று. அறிவியலாரும் அந்நெறியினைப் பெரிதுங் கையாளுகின்றனர். புலவர் அதனை உவமை என்பர். அறிவியலார் மாதிரி என்பர். வலிப்பு நோயுற்ற மூளையிலே தோன்றும் மின்னலைகளைக் கணினியின்கண் எழுப்பிக் காட்டும் மாதிரிகள் கடந்த அரை நூற்றாண்டிற் பலவாகப் பெருகியுள்ளன. அவை எவ்வகை உவமைகள், எவ்வளவிற்கு ஏற்கத்தக்கன என்பதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதனை எழுதுவோன் மருத்துவன் அல்லன். ஆயினும் ஓர் உவமை பொருந்துமா, பொருந்துவதாயின் எவ்விடத்திற் பொருந்தும், எவ்விடத்தில் நழுவும் என்று பார்த்தல் தமிழ் கற்பிப்போர்க்கு அன்றாடத் தொழில். அத்தொழிலைச் சற்றே அயலான நிலமொன்றில் ஈண்டுச் செய்து பார்க்க முற்படுகின்றேன்.

வலிப்பு மிகப் பழைய நோய். தெய்வத்தின் சினத்தால் வருவதென்று மக்கள் கருதிய காலத்திலேயே, அது மூளையின்கட் பிறப்பதென்றும் ஏனைய நோய்களினும் தெய்வத்தன்மை மிக்கதன்று என்றும் இப்போக்கிரேத்திசு பெயரால் வழங்கும் கிரேக்க நூலொன்று கூறிற்று. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி ஏறத்தாழ 5 கோடி மக்கள் இன்று இந்நோயுடன் வாழ்கின்றனர். அவருள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர்க்கு மருந்துகள் போதிய பயன் அளிப்பதில்லை. அத்தகையோருட் சிலர்க்கு, நோய் தொடங்கும் மூளைப்பகுதியை அறுத்து நீக்குதலே எஞ்சிய வழி. கனடாவில் நிகழ்ந்து 2001 இல் வெளியான ஓர் ஆய்விலே, பக்கமடல் வலிப்புடைய 80 பேர் இரு கூறாக்கப்பட்டனர். ஓராண்டின் பின், அறுவைக்கெனக் குறிக்கப்பட்டோருள் 58 வீதத்தினர் உணர்வைக் குலைக்கும் வலிப்பினின்று நீங்கியிருந்தனர். மருந்தையே தொடர்ந்தோருள் அங்ஙனம் நீங்கியோர் 8 வீதத்தினரே. அறுவையின் சிறப்பு இதனால் விளங்கும். அறுவைக்கெனக் குறிக்கப்பட்டும் நோய் நீங்காதார் பலர் இருந்தமையும் இதனாலேயே விளங்கும். எவ்விடத்தை அறுப்பது, எவ்விடத்தை விடுப்பது என்பதே இங்கு உயிரான வினா. மாதிரி செய்வோர் அண்மைக் காலத்தில் இவ்வினாவிற்கே விடைகூற முன்வந்துள்ளனர். ஆதலின் அவர்தம் உவமையை ஆராய்தல் வெறும் புலமை விளையாட்டாகாது.

மூளையின் மின்னை மனிதத் தலையிலிருந்து முதன்முதற் பதிவு செய்தவர் ஜேர்மனியில் யேனா நகரத்து மனநோய் மருத்துவர் ஹான்சு பெர்கர். 1924 இல் அதனைச் செய்த அவர், 1929 இலேயே தம் முடிபை வெளியிட்டார். 1935 இல் அமெரிக்காவிற் கிப்சு, டேவிசு, லெனொக்சு என்போர், சிறுவலிப்பு எனப்படும் வகையிலே கூர்முனையும் அலையுமாகச் செக்கனுக்கு மூன்று முறை மாறிமாறி எழும் ஒழுங்கினைக் காட்டினர். வலிப்பென்றால் ஒரு வரைகோடு என்னும் எண்ணம் மெல்ல மெல்ல நிலைபெற்றது. ஆனால் அவ்வரைகோடு எத்தகையது? தலையின் மேல் ஒட்டப்படும் மின்வாய் ஒன்றன் கீழே எண்ணிறந்த நரம்புக்கலங்கள் உள. அவற்றின் சிறு மின்னோட்டங்கள் ஒருங்கு திரண்டு, எலும்பையும் தோலையும் கடந்து, உவோற்றின் இலட்சத்திற் சில பங்கு என்னும் அளவினதான அழுத்தமாய் வெளிப்படுகின்றன. தேர்த்திருவிழாவன்று கோயில் மதிலுக்கு வெளியே நின்று இரைச்சலைக் கேட்பவன், உள்வீதியில் எவர் எதனைப் பேசினார் என்று கூற முற்படுவதனை இது ஒக்கும். கடத்தியொன்றின் மேற்பரப்பிற் காணப்படும் மின்னழுத்தம் ஒன்றேயாயினும் அதனைத் தோற்றுவிக்கும் உள்மூலங்கள் எண்ணிறந்தனவாகலாம் என்று ஹெல்ம்ஹோல்ட்சு என்னும் ஜேர்மானிய அறிஞர் 1853 இலேயே நிறுவியிருந்தார். பின்வந்த மாதிரிகளை மதிப்பிடுவோர் மறக்கலாகாத உண்மை இது.

இனி, இத்தகைய மாதிரி கணினியோடு பிறந்ததும் அன்று. கணவாயின் பெருநரம்பிழையிலே மின்துடிப்பு எழும் முறையினை ஹொட்ச்கின், ஹக்சிலி என்னும் இருவர் 1952 இற் சமன்பாடுகளில் வடித்து வெளியிட்டனர். அவர்கள் கணக்கிட முனைந்த காலத்திற் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்துக் கணினி திருத்தவேலையின் பொருட்டு நிறுத்தப்பட்டிருந்தது. ஹக்சிலி கையாற் சுழற்றும் கணிபொறியொன்றில் வாரக்கணக்காக உழைத்து விடை கண்டார். இன்றைய மாணவன் ஒரு நொடியிற் பெறும் வரைகோடு அது. அவ்வுழைப்பினும் பெரிது அம்மாதிரியின் நேர்மை. சோடியத்தின் ஓட்டம், பொற்றாசியத்தின் ஓட்டம் என அதன் உறுப்புக்கள் தனித்தனியே அளந்து பெறப்பட்டவை. துடிப்பின் வடிவைப் பார்த்து உறுப்புக்கள் புனையப்படவில்லை. அளந்த உறுப்புக்களைச் சமன்பாட்டில் இட, துடிப்பின் வடிவு தானாக எழுந்தது. இருபதாண்டின் பின், 1972 இல், வில்சன், கோவன் என்போர் வேறொரு வழி வகுத்தனர். தனிக்கலங்களை விடுத்து, தூண்டுங் கலங்கள் ஒரு கூட்டம், தடுக்குங் கலங்கள் ஒரு கூட்டம் எனக் கொண்டு, கூட்டத்தின் இயக்கத்தையே அவர்கள் எழுதினர். கலங்கலமாகக் கட்டுவோர், கூட்டங்கூட்டமாக எண்ணுவோர் என வலிப்பு மாதிரி செய்வோர் பெரும்பாலும் இவ்விரு மரபினுள் அடங்குவர்.

இவர்தம் படைப்புக்களை எவ்வளவுகோலால் அளப்பது? உவமை தோன்றும் நிலைக்களங்களைத் தொல்காப்பியர் வினை, பயன், மெய், உரு என நான்காக வகுத்தார். புலிபோலப் பாய்ந்தான் என்பது வினை. மாரிபோன்ற கை என்பது பயன். துடிபோன்ற இடை என்பது மெய், அதாவது வடிவு. பவளம்போன்ற வாய் என்பது உரு, அதாவது நிறம். இதனைக் கற்பிக்கும்போது, இடை துடியை ஒக்குமெனின் தட்டினால் ஓசை எழுமா என்று வகுப்பில் ஒருவனாவது கேட்பான். குறும்பாகக் கேட்டாலும் கேள்வி நல்லது. வடிவால் ஒத்தது வினையாலும் ஒக்கும் என்று கொள்வதன் பிழையை அது ஒரு நொடியிற் காட்டிவிடும். கணினித் திரையில் எழும் வரைகோடு நோயாளியின் வரைகோட்டை ஒத்திருக்கின்றது என்று மகிழ்வோரிடம் நாம் கேட்கவேண்டியதும் அக்கேள்வியே.

வினையுவமைக்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டு 1982 இல் றொஜர் திராபும் வொங்கும் வெளியிட்ட மாதிரி. மூளையின் பக்கமடலின் உட்புறத்திலுள்ள ஹிப்பொகாம்பசு என்னும் பகுதியின் கலங்களை அவர்கள் சிறு வலையாகக் கணினியிற் கட்டினர். பெனிசிலின் மருந்து அப்பகுதியிற் கலங்களுக்கிடையேயுள்ள தடுப்பினை மெலிவிக்கும்; மெலிவிக்க, கலங்கள் யாவும் ஒருங்கே துடிக்கும். இது முன்பே அறியப்பட்டது. சிதறி நின்று துடிக்கும் கலங்கள் ஒருங்கிசைதல் எங்ஙனம் என்பதே அறியப்படாதிருந்தது. ஒரு கலத்தின் துடிப்புத் தொடர் தன்னோடு இணைந்த கலத்திலும் துடிப்புத் தொடரை எழுப்பும் வன்மையுடையதாயின், தடுப்பு நீங்கியவிடத்து அது ஒன்றிலிருந்து சிலவற்றிற்கும், சிலவற்றிலிருந்து பலவற்றிற்கும் பரவிச் சிறிது தாழ்த்து வலை முழுதையும் பற்றும் என்பது அவர்தம் விடை. இவ்விடை மெய்யாயின், தனியொரு கலத்தைத் தூண்டியே முழுக் கூட்டத்தையும் எழுப்புதல் கூடும் என்பது பெறப்படும். எவரும் எளிதில் நம்பாத முடிபு இது. மறு ஆண்டே, 1983 இல், மைல்சும் வொங்கும் கினிப்பன்றியின் மூளைத்துண்டில் அதனைச் செய்து காட்டினர்; தடுப்பு நீக்கப்பட்ட துண்டிலே தனிக்கலம் ஒன்றன் தூண்டல் கூட்டத் துடிப்பைத் தொடக்குதல் காணப்பட்டது. துடியைத் தட்டினர், ஓசை எழுந்தது. மூளைத்துண்டு மனிதனன்று என்பதும், பெனிசிலினால் எழுந்த துடிப்பு நோயாளியின் வலிப்பன்று என்பதும் உண்மையே. ஆயினும் தன் எல்லைக்குள் இவ்வுவமை முழுமையானது. வலிப்பு மாதிரிகளுள் இதனைத் தலையாயதாக யான் மதிப்பதற்குக் காரணம் அதன் நுணுக்கமன்று. அது தோற்பதற்கு இடமிருந்தது, தோற்கவில்லை என்பதே.

கூட்டங்களை எண்ணுவோர் மரபில் வந்த வென்ட்லிங்கும் அவர் தோழரும் பிரான்சிலிருந்து 2002 இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு வகையிற் சிறந்தது. பக்கமடல் வலிப்புத் தொடங்கும் வேளையில், பெருத்த அலைகள் மறைந்து, வீச்சுக் குறைந்த விரைவலைகள் தோன்றுவதுண்டு. தடுக்குங் கலங்கள் இருவகையின. ஒருவகை பெறுங்கலத்தின் கிளைகளில் மெதுவாகச் செயற்படும். மற்றையது கலத்தின் உடலில் விரைந்து செயற்படும். முன்னது மெலிய, பின்னதன் விரைவொழுங்கு வெளிப்படும் என்பது அவர்தம் முடிபு. இம்மாதிரியின் மாறிகளுக்கு உடற்பொருள் உண்டு. எதனை அளந்தால் இதனைப் பொய்ப்பிக்கலாம் என்பது படிப்போர்க்குத் தெரியும். அவ்வாய்வின் தலைப்பிலேயே, விரைவலை இம்மாதிரியால் 'விளக்கப்படக்கூடும்' என்ற பொருளிற் சொல் அமைந்திருத்தல் நோக்கத்தக்கது. கூடும் என்பது அடக்கத்தின் பொருட்டு வந்த சொல்லன்று. அது கணக்கின் உண்மை. ஏனெனில், அதற்கு ஓராண்டின் முன் திராபும் பிறரும், வலிப்புக்கு முந்தி எழும் மிகுவிரைவலைகளுக்கு முற்றிலும் வேறான காரணம் ஒன்றைத் தம் மாதிரியாற் காட்டியிருந்தனர். கலத்திற்கும் கலத்திற்கும் இடையே நேராக மின் கடத்தும் இணைப்புக்கள் உளவென்பதும் அவற்றின் வழியே அவ்வலைகள் பிறக்கலாம் என்பதும் அவர்தம் கருத்து. இருசாராரும் பேசும் அலைகள் மீடிறனில் முற்றும் ஒன்றல்ல. எனினும், மின்வாய் காட்டும் விரைவலை ஒன்றைக் கண்ட மாத்திரத்தில் இன்னதே காரணமென்று கூற இயலாமை இதனாற் புலப்படும். ஹெல்ம்ஹோல்ட்சின் எச்சரிக்கை நூற்றைம்பது ஆண்டின் பின் வேறு வேடத்தில் வந்து நிற்கின்றது.

இவை யாவற்றினும் இன்று பெரிதும் பேசப்படுவது, மார்செய் நகரத்து விக்ரர் யிர்சாவும் பிறரும் 2014 இல் வெளியிட்ட 'எப்பிலெப்டோர்' என்னும் மாதிரியாகும். இதிற் கலமில்லை, சோடியமில்லை, தடுப்புமில்லை. மாறிகள் ஐந்தே. இரண்டு விரைந்த துடிப்புக்களையும், இரண்டு கூர்முனையலைகளையும் தோற்றுவிக்கும். ஐந்தாவது மிக மெதுவாக ஏறியிறங்கி, வலிப்பு எழ இடங்கொடுத்தும், பின் அவ்விடத்தைப் பறித்தும் நிற்கும். மூளையின் இயல்பு நிலையும் வலிப்பு நிலையும் ஒருங்கே உள்ளன. இடையிலுள்ளது ஒரு வரம்பு. வரம்பினைக் கடந்தபோது வலிப்பு என்பது அவர்தம் கொள்கை. முதன்முறை படித்தபோது இதனை வெறும் வடிவுவமை என்று யான் ஒதுக்கினேன். இரண்டாம் முறை படித்தபோதே என் தவறு புரிந்தது. இம்மாதிரியின் கணிதம் இரு விளைவுகளைக் கட்டாயமாக்குகின்றது: வலிப்புத் தொடங்கும்போது மின்னழுத்தத்தின் அடிக்கோடே பெயரல் வேண்டும், முடியும்போது துடிப்புக்களின் இடைவெளி மடக்கை விதிப்படி நீளல் வேண்டும். மருத்துவமனைகளின் வழக்கமான பதிவுகளில் மிக மெதுவான மாற்றங்கள் வடிகட்டி நீக்கப்படுவதால், அடிக்கோடு பெயர்தல் கண்ணிற் படாமலே போவதுண்டு. அங்ஙனம் வடிகட்டாது பார்த்தவிடத்து அது காணப்பட்டது. சுண்டெலியின் ஹிப்பொகாம்பசிலும், வரிக்குதிரைமீன் எனப்படும் சிறுமீனிலும், மனிதரிலும் இரு விளைவுகளும் காணப்பட்டன. வடிவைப் பற்றியே பேசும் மாதிரியும், எங்கே நோக்கினால் தன்னைப் பிழையெனக் காட்டலாம் என்று சொல்லுமாயின், அது மதிக்கத்தக்கதே.

இனி அதன் குறை. தலைப்பு வலிப்பியக்கத்தின் 'இயல்பு' என்கின்றது. உள்ளே, வலிப்பின் தொடக்கமும் போக்கும் முடிவும் 'விவரிக்க' ஐந்து மாறிகள் போதும் என்று கூறப்படுகின்றது. இயல்பு வேறு, விவரணம் வேறு. ஐந்தாம் மாறி யாது? பொற்றாசியம், ஒட்சிசன், கலத்தின் ஆற்றல் நிலை ஆகியன அதனோடு தொடர்புறலாம் என்று ஆசிரியர்கள் கூறுகின்றனர். பல்வேறு காரணங்கள் ஒரே வடிவைத் தரக்கூடும் என்பதனை அவர்களே ஒப்புகின்றனர். ஒப்பியது நன்று. ஆனால் வலிப்பைத் தொடக்கவும் முடிக்கவும் வல்ல தலைமையான மாறிக்கு இடங்கொடுப்பது என்ற பொருளிற் பெயரிட்டு விடுதல், பொருள் காணாத இடைச்சொல்லை அசைநிலை என்று கூறி அப்பாற் செல்லும் உரையாசிரியர் செயலை எனக்கு நினைவூட்டுகின்றது. அசைநிலை என்பது தவறன்று. அங்கே பொருள் காணப்பட்டது என்று நினைத்தலே தவறு. மேலும், இதே குழுவைச் சார்ந்தோரும் பிறரும் 2020 இல், பல மருத்துவ நிலையங்களிற் பதிவான 2000 இற்கு மேற்பட்ட வலிப்புக்களை ஆராய்ந்து, தொடக்கமும் முடிவும் பற்றிக் கணிதம் அனுமதிக்கும் 16 வகைகளுக்கும் சான்று கண்டனர். ஒரே நோயாளியிடம் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகள் தோன்றுவதும் அதில் வெளியாயிற்று. 2014 இன் மாதிரி அப்பதினாறனுள் ஒன்று. வகைப்பாட்டின் வித்து முன்னைய ஆய்விலேயே இருந்ததெனினும், பொதுவியல்பு என்று புகழ்ந்து எழுதியோர் இவ்விரண்டாம் ஆய்வினையும் உடன் கூறல் வேண்டும்.

வலிப்பு முடிதல் பற்றி ஒரு சொல். பல்லாண்டுகளின் முன் என் வகுப்பில் மாணவன் ஒருவன் திடீரென வீழ்ந்து வலிப்புற்றான். அவன் கையில் இரும்பு கொடுக்கவேண்டுமென்று திறப்புக்கோவையை எடுத்துக்கொண்டு ஓடியவருள் யானும் ஒருவன். கொடுத்தோம், சிறிது நேரத்தில் வலிப்பு நின்றது, இரும்பே நிறுத்திற்று என்று அனைவரும் நம்பினோம். பெரும்பாலான வலிப்புக்கள் சில நிமிடங்களுள் தாமாகவே நிற்கும் என்பதும், அவ்வேளையிற் செய்யத்தக்கது தலைக்கு மெத்தென ஒன்றை வைத்து, உடலை ஒருபுறமாகச் சரித்து, வாயினுள் எதனையும் திணியாது காத்திருத்தலே என்பதும், ஐந்து நிமிடங் கடந்தும் நில்லாதாயின் மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும் என்பதும் பின்னரே அறிந்தேன். தானாக முடியும் நிகழ்ச்சியொன்றன் அருகே எதனை வைத்தாலும் அதுவே முடித்ததாகத் தோன்றும். எப்பிலெப்டோர் வலிப்பின் முடிவையும் கணக்கினுட் கொண்டுவந்ததை யான் மதிப்பது இதனாலேயே. ஐந்தாம் மாறியின் உடற்பொருள் யாதென்று விடாது கேட்பதும் இதனாலேயே.

எஞ்சியது பயனுவமை. 2017 முதல் யிர்சாவின் குழுவினர் ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனி மாதிரி செய்யலாயினர். காந்தப் படத்தால் அவர் மூளையின் வடிவையும் பகுதிகளை இணைக்கும் இழைகளின் போக்கையும் பெற்று, பகுதிதோறும் ஓர் எப்பிலெப்டோரை இருத்தி, எப்பகுதி வலிப்பைத் தொடக்குகின்றது, எவ்வழியே அது பரவுகின்றது என்று கணிக்கின்றனர். அறுவை செய்யுமுன் கணினியில் அறுத்துப் பார்க்கலாம் என்பது இதன் கவர்ச்சி. இழைப்படம் இணைப்பைக் காட்டுமேயன்றி அவ்விணைப்பு எத்திசையிற் செல்வதென்பதைக் காட்டாது. இது சிறு குறை. பெருங்குறை வேறு. தொடக்க காலத்துக் கணிப்புக்களில், நோய் எழுமிடம் பற்றி மருத்துவர் முன்னரே கொண்ட ஊகமும் மாதிரிக்குள் இடப்பட்டது. அங்ஙனம் இட்டபின், மாதிரியின் விடை மருத்துவர் கருத்தோடு பெரிதும் இயைந்தது எனல், வினாத்தாளோடு விடையையும் கொடுத்துவிட்டு மாணவனுக்குப் புள்ளியிடுவதற்குச் சற்றே நெருங்கியது. பிற்பட்ட பணிகளில் இவ்வூகமின்றியும் கணிக்க முயன்றுள்ளமை வரவேற்கத்தக்கது. இன்னொன்று: மாதிரி சுட்டிய இடம் அறுக்கப்பட்டு நோயாளி நலம்பெற்றாராயின், அவ்விடம் நீக்கற்பாலது என்பது ஓரளவு பெறப்படும், அதனினும் சிறிய பகுதியை நீக்கியிருப்பின் போதாதோ என்பது பெறப்படாது. அறுத்ததை மீண்டும் வைத்துப் பார்க்க இயலாது. நினைவும் மொழியும் அருகிருக்கும் பக்கமடலிலே இவ்வையம் சிறிதன்று.

உருவுவமையையும் விட்டுவிடலாகாது. இவ்வாய்வுகளின் படங்களிலே நோயிடம் செம்மையாகவும் ஏனையிடம் நீலமாகவும் ஒளிர்தல் வழக்கம். ஐயம் எவ்வளவு என்பதைக் குறிக்கும் நிறம் ஒன்றை அவற்றில் யான் அரிதாகவே கண்டுள்ளேன். பவளமும் நீலமணியும் போன்ற அப்படங்களைக் காணும் நோயாளியின் தாய் அவற்றைக் கணிப்பென்று கொள்ளமாட்டாள். தன் மகனின் மூளையின் நிழற்படம் என்றே கொள்வாள்.

மாதிரியினால் அறுவைக்கு நன்மை உண்டா என்பதனை நேரே சோதிக்கும் பொருட்டுப் பிரான்சிலே 2019 இல் ஒரு மருத்துவ ஆய்வு தொடங்கப்பட்டது. முந்நூற்றுக்கு மேற்பட்ட நோயாளரைச் சேர்த்தல் அதன் திட்டம். ஒரு சாரார்க்கு அறுவைத் திட்டம் வகுக்கும் மருத்துவரிடம் மாதிரியின் முடிபு கொடுக்கப்படும். மறு சாரார்க்குக் கொடுக்கப்படாது. எச்சாரார் எவ்வெண்ணிக்கையில் வலிப்பினின்று நீங்கினர் என்று பின்னர் எண்ணப்படும். வரைகோடு வரைகோட்டை ஒத்ததா என்னும் கேள்வி அங்கு எழாது. படத்தின் நிறமும் கணக்கில் வாராது. பயனால் ஒப்புமை கூறுவோர் தம் உவமையை வைக்கவேண்டிய இடத்தில் வைத்துள்ளனர்.